காங்கேயம் போன ஒன்றரை அடி அம்பாசிடர்

நான் தேக்கில் செய்த ஒன்றரை அடி அம்பாசிடரில் ஆறடி ஆள் மாசாணம் காங்கேயம் வரைக்கும் போனார். முன்சீட்டில் நானும் கூடப் போனேன். பெட்ரோல் ஒரு சொட்டுச் செலவில்லை. பல்லடத்தில் இறங்கி டீ குடித்தோம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொய் கலக்கக் கூடாதென்று என் வீட்டுக்காரி சாஜிதா பேகம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

மாசாணம் சிங்காநல்லூரில் எங்கள் பக்கத்து வீடு. முப்பது வருஷம் போலீஸ் டிரைவர். தை மாசம் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. அதிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மகள் அன்புச்செல்விக்கு மில் ஆபீஸில் வேலை. பகலில் பார்த்துக்கொள்ள வந்த ஆள் ஒருவரும் நிலைக்கவில்லை. கடைசியில் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

“நான் ஆருன்னே அப்பாவுக்குத் தெரியலீங்க மாமா. தெரிஞ்சா அனுப்ப மனசு வருமுங்களா? இப்ப எங்க கிடந்தாத்தான் என்னங்க.”

“தெரியும் கண்ணு. உள்ளுக்குள்ள ஆள் இருக்காரு.”

“எப்படிங்க சொல்றீங்க?”

எனக்கே வாயடைத்துப்போனது வாழ்க்கையில் ரெண்டே தடவை. மற்றது என் நிக்காஹ்.

அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ உண்டு. வெள்ளை அம்பாசிடர், மேலே சிவப்பு விளக்கு, கதவில் நீலத்தில் ‘போலீஸ்’, பானட்டில் கை வைத்தபடி இளவயசு மாசாணம். அதே காரை மரத்தில் செய்து கொண்டுபோய்க் காட்டினால் கண்ணாவது திரும்பாதா என்று உட்கார்ந்தேன். பவுண்டரியில் முப்பத்தெட்டு வருஷம், இரும்பு வார்க்கிற அச்சுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்தவன் நான். மூன்று வாரத்தில் நாலு கதவும் திறந்தன. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பியது. உள்ளே ஒரு எறும்பு ஏறி உட்கார்ந்து, இறங்க மறுத்தது.

காரை வைத்துக் கொடுக்க நான் சொல்லியிருந்த கண்ணாடிப் பெட்டி புதன்கிழமை வந்தது. நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் காருக்கு, ரெண்டு மில்லி இடம் விட்டு அளவாகச் செய்திருந்தார்கள். கார் நுழையவில்லை. கடைக்காரனைத் திட்ட வாயெடுத்த பிறகுதான் என் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தேன். வார்க்கிற இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்காக எங்கள் தொழிலில் ஸ்கேலே கொஞ்சம் பெரிசு. நூறு என்று காட்டினால் நூற்றொன்று இருக்கும். பழக்கதோஷத்தில் அதை வைத்தே முழுக் காரையும் அளந்துபோட்டேன். மரம் எங்கே சுருங்கப் போகிறது?

ஆத்திரத்தில் ஓர் அழுத்து அழுத்தினேன். முன் பம்பரின் இடது முனை ஒடிந்து கையோடு வந்தது.

ஒட்ட நேரமில்லை. மறுநாள் வியாழன்; விடிந்தால் அவரைக் கொண்டுபோகிற வெள்ளி. அன்புச்செல்வி வேலைக்குக் கிளம்பியதும் பெட்டியில்லாமல், மூளிக் காரோடு போய் மாசாணத்தின் மார்மேல் வைத்தேன். அவர் கண் சுவரை விட்டு நகரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது இடது கை மெல்ல ஊர்ந்து வந்தது. ஒரு விரல் ஒடிந்த முனையைத் தடவியது.

“எருது” என்றார்.

குழறல்தான். ஆனாலும் எருது. அப்புறம் அந்தக் கை மேலேறி, வெறும் காற்றில் ஸ்டீயரிங் பக்கத்துக் கியரைப் போட்டது.

நான் கட்டிலில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எருது என்றால் எங்கள் பக்கம் காங்கேயம்தானே, அந்த வழியிலேயே ஊர் ஊராகச் சொன்னேன். ஒண்டிப்புதூர் என்றேன், தலை ஆடியது. சூலூர், ஆடியது. பல்லடம் வந்ததும் எனக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை, வாயாலேயே ஆரன் அடித்தேன். கை சட்டென்று என் முழங்காலைப் பிடித்தது.

“பாய்… வேண்டாம். பின்னால… அம்மணி தூங்குது.”

கொஞ்சம் கழித்து, “என்ர காக்கிக் கோட்டு… போத்தியிருக்கு.”

காங்கேயம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் அன்புச்செல்வி வந்தாள். அவர் மறுபடி சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவள் பையில் அவருடைய வேட்டிகளை மடித்து வைத்தபடியே நான் சொன்னதைக் கேட்டாள்.

“மாமா, போன மாசம் உங்க ஊட்டுப் பூனை சிங்காநல்லூர்க் குளத்தை நீந்திக் கடந்துச்சுன்னீங்க.”

“பாதிதான் கண்ணு கடந்துச்சு.”

“நாளைக்கு அனுப்பறது எனக்கும் கஷ்டந்தானுங்க. அதுக்காக இப்படிப் பேசாதீங்க.”

நாற்பது வருஷம் அவிழ்த்துவிட்ட பொய்யெல்லாம் சேர்ந்து வந்து வாசலை மறித்துக்கொண்டது போல இருந்தது.

“சரி, நம்ப வேண்டாம். ஆனா ஆரன் அடிக்க உடலையே அவரு. பின்சீட்டுல அம்மணி தூங்குதாம். காக்கிக் கோட்டுப் போத்தியிருக்குதாம்.”

வேட்டி கையிலேயே நின்றது.

“இதை ஆருங்க உங்களுக்குச் சொன்னது?”

“அவருதான்.”

அவள் கட்டிலில் உட்கார்ந்து காரைத் திருப்பிப் பார்த்தாள். பம்பரின் மூளியைத் தொட்டாள்.

“அந்த அம்மணி நானுங்க. அப்ப எனக்கு ஏழு வயசு. காச்சல். அம்மா காங்கேயத்துல பொறந்த ஊட்டுல இருந்தாங்க. ஸ்டேசன் தபால் கொண்டுபோற வண்டியில, ஆருக்கும் தெரியாம என்னைய ஒளிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. வழியில எருது குறுக்க வந்து பம்பர் போச்சு. வெளிய தெரிஞ்சா வேலை போயிரும், ஆருகிட்டயும் சொல்லாத கண்ணுன்னாரு. என்ர ஊட்டுக்காரருக்குக்கூட நான் சொன்னதில்லைங்க.”

பையிலிருந்த வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். பிறகு அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“போனாருங்க மாமா. காங்கேயம் வரைக்கும் போயிட்டுத்தான் வந்திருக்காருங்க.”