ஒரே எண்ணில் நின்ற முட்கள்

"ரெண்டு முள்ளும் ஒரே நம்பரக் காட்டுதுன்னா, ரெண்டு எதுக்கு நைனா?" என்று, சாப்பிடக் கூப்பிட வந்த ஏழு வயது மகள் மேரி, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக் கேட்டாள். மெக்கானிக் ஞானதாஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "நீ முன்னால நட, நானும் வரேன்" என்றார்.

அது 1964ஆம் வருடத்துச் சித்திரை வெயில். உத்திரமேரூர் பஸ் நிலையத்தை ஒட்டிய அவருடைய ஷெட்டில் ஒரு தரும ஆஸ்பத்திரியின் வேன் நின்றிருந்தது. அதன் பின்புறக் குளிர்பெட்டியில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து வந்தது. பெட்டி குளிரவில்லை. நர்ஸ் ஞானசுந்தரி மருந்தைச் சோடாக் கடை ஐஸில் புதைத்து, மாதா கோயில் நிழலில் காவல் உட்கார்ந்திருந்தாள்.

"மருந்து கெட்டா என் வேலை போயிடும் மேஸ்திரி. போன மாசமே எச்சரிக்கை குடுத்துட்டாங்க" என்றான் டிரைவர் முனிரத்தினம்.

ஞானதாஸுக்கு பஸ் தெரியும், டயர் தெரியும். குளிர் மெஷினை அன்றுதான் பார்க்கிறார். டயருக்குக் காற்றுப் பார்ப்பதுபோல் வண்டியை நிறுத்தி வைத்தே, மெஷினில் பொருத்தியிருந்த இரட்டை முள் கேஜில், குளிர் தரும் கேஸின் அழுத்தத்தைப் பார்த்தார். இரண்டு முள்ளும் நூற்றுப் பதினைந்தில் நின்றன. கேஸ் நிறைய இருக்கிறது என்று நம்பி, மகள் பின்னாலேயே வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது இரண்டும் எண்பதில் இருந்தன.

"வால்வத் தொட்டியா?"

"இல்ல மேஸ்திரி."

"அப்ப கேஸு எங்க போச்சி? காக்கா தூக்கினு போச்சா?"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவே போதும் என்று தோன்றியது ஞானதாஸுக்கு. ரிப்பேர் செய்கிறவர் காரணம் எழுத வேண்டிய வண்டிப் புத்தகத்தில், 'டிரைவர் வால்வைத் திறந்ததால் கேஸ் இறங்கிவிட்டது' என்று எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் முனிரத்தினம் அதை வாங்கி, பாராமலே சீட்டுக்கடியில் வைத்தான்.

அரைமணி கழிந்தது. முட்கள் மறுபடியும் நூற்றுப் பதினைந்துக்கு ஏறியிருந்தன.

ஞானதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கேஜைத் தட்டிப் பார்த்தார். போன கேஸ் தானாகத் திரும்புமா? கேஜ் பொய்யா, தன் கண் பொய்யா? "ஆண்டவரே, ஒண்ணும் புரியலையே" என்று முணுமுணுத்தார்.

"மேஸ்திரி, திட்டாதீங்க" என்றான் முனிரத்தினம். "நீங்க சாப்புடப் போனப்ப மெஷினு நெருப்பா கொதிச்சிக்கினு இருந்திச்சி. பாவமா கீதேன்னு ஈரச் சாக்கப் போட்டு வெச்சேன். நீங்க வரத்தப் பாத்துட்டு எடுத்துட்டேன். சிரிப்பீங்களேன்னு."

"இன்னொரு தபா போடு."

சாக்கு நனைந்தது. முட்கள் மெல்ல இறங்கின. கேஸ் எங்கும் போகவில்லை. நிறுத்திய வண்டியில் முள் கேஸில் ஏறிய வெயில் சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஞானதாஸுக்கு முகம் சுருங்கியது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணு."

இன்ஜின் ஓடியது. முட்கள் அசையவே இல்லை. ஓடும்போதும் இரண்டும் ஒன்றாகவே நின்றால் இரண்டு எதற்கு? மெஷின் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளினால் எண் பிரிய வேண்டாமா? குனிந்து பார்த்தார். குளிர் மெஷினைச் சுழற்ற வேண்டிய பெல்ட் தளர்ந்து பளபளத்து, சக்கரத்தைச் சுற்றாமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டிருந்தது.

இன்ஜினை நிறுத்தி, தன் ஷெட்டிலிருந்த பெல்ட்டை மாட்டி இறுக்கினார். மறுபடி ஓடவிட்டதும் ஒரு முள் இருநூறுக்கு ஏறியது, மற்றது முப்பதுக்கு இறங்கியது.

சற்றுப் பொறுத்துப் பெட்டிக்குள் கைவிட்ட முனிரத்தினம், "மார்கழி மாரி கீது மேஸ்திரி" என்று சிரித்தான். "ஐஸு தீர்றதுக்குள்ள நர்ஸம்மாவ இட்டுனு வந்துடறேன்." கோயில் பக்கம் ஓடினான்.

ஷெட்டில் யாரும் இல்லை. அவன் பெயரைக் கெடுத்தது எழுத்து. வாயால் வருத்தப்பட்டு அதைத் தீர்க்க முடியாது என்று ஞானதாஸுக்குத் தெரிந்தது. சீட்டுக்கடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். தாம் எழுதிய வரியைக் குறுக்கே அடித்தார். கீழே எழுதினார்: 'மேலே உள்ளது என் தவறு. பெல்ட் தளர்ந்ததே காரணம். டிரைவர் ஈரச் சாக்குப் போட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டார்.'

கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதி, இருந்த இடத்திலேயே புத்தகத்தை வைத்தார்.