தொண்ணூறு நாள் பேசாத போன்

எங்கள் மருந்துக் கம்பெனியில் இருநூறு டெலிபோன்களுக்குத்தான் லைசென்ஸ். இருநூற்றொன்றாவது போன் வேண்டுமென்றால் வேறொன்றினுடையதைப் பிடுங்கவேண்டும். பிடுங்குகிற புண்ணியவான் நான். தொண்ணூறு நாள் பேசாத போன்களைக் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுத் தரும். டிக் அடித்தால் லைசென்ஸ் கைமாறிவிடும். பழைய போன் யாரையும் கூப்பிட முடியாமல் சுவரில் சும்மா தொங்கும்.

காலையில் மேனேஜர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"புது மீட்டிங் ரூமுக்கு லைன் வேணும்பா. பத்தே நிமிஷம்."

"லைசென்ஸ் இல்ல சார்."

"இல்லன்னு சொல்லத்தான் உனக்குச் சம்பளமா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பட்டியலின் முதல் எண்ணுக்கே டிக் அடித்தேன். நூற்றுப்பதினேழு. இடம் என்ற கட்டத்தில் 'கீழ்த்தளம்' என்று மட்டும் இருந்தது. இறங்கிப் போய்ப் பார்க்கச் சோம்பல்.

என் அக்காவுக்கும் இங்கேதான் வேலை, கீழே கிடங்கில். பன்னிரண்டரைக்கு டாண் என்று சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிடுவாள். அன்று பன்னிரண்டு ஐம்பது ஆகியும் ஆளைக் காணோம். செல்போனைக் கிடங்கு வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கிடங்கு சூப்பர்வைசருக்குப் போன் அடித்தேன்.

"அக்காவா? பதினொன்றரைக்கு ஸ்டாக் எண்ண ஃப்ரீசர் ரூமுக்குள்ள போனாங்க. நான் அப்பவே லோடு இறக்க வெளிய வந்துட்டேனே."

"அந்தக் கதவு சிக்குமே!"

"சிக்கினா கூப்பிடத்தான் உள்ள போன் இருக்குல்ல? நல்லவேளை, வருஷக்கணக்கா அதுக்கு வேலையே வரல."

காலையில் டிக் அடித்த பட்டியலைத் திரைக்கு இழுத்தேன்.

"அது என்ன நம்பர்?"

"நூத்திப்பதினேழு."

அதற்குள் என் கை அந்த எண்ணின் பக்கத்தைத் திறந்திருந்தது. லைசென்ஸ் இல்லாத போனிலிருந்து கூப்பிட்டால் கம்ப்யூட்டரில் சிவப்பாக ஒரு வரி விழும். அதை யாரும் பார்ப்பதில்லை, நானும்தான். பதினொன்று நாற்பதுக்கு முதல் வரி. நாற்பத்தொன்றுக்கு இரண்டாவது. மொத்தம் இருபத்துமூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். கடைசி வரி பன்னிரண்டு எட்டுக்கு.

அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. என் கையாலேயே அவள் வாயைப் பொத்திவிட்டேன்.

"உடனே அந்தக் கதவைத் திறங்க!" என்று போனில் கத்திவிட்டு எழுந்து ஓடினேன். படிக்கட்டில் மேனேஜர் சிரித்த முகமாகக் குறுக்கே வந்தார்.

"லைன் பிரமாதம்பா. என்ன, காலையிலேர்ந்து ஒருத்தரும் கூப்பிடத்தான் காணோம்."

அவரைத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினேன்.