உதட்டால் காட்டியவன்

...சிரிப்பு மிகச் சரியாக அந்த இடத்தில்தான் வரும், ஒரு நொடி முந்தாது, ஒரு நொடி பிந்தாது, பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேனே, நான் உதட்டைக் குவித்துப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டியதும் நாற்பது பிள்ளைகளும் கொல்லென்று சிரிப்பார்கள், கூட வந்த டீச்சரும் வாயைப் பொத்திக்கொள்வாள், ஏனென்றால் எங்கள் ஊரில் உப்பு எங்கே என்று கேட்டாலும் தேவாலயம் எந்தப் பக்கம் என்று கேட்டாலும் கையைத் தூக்குகிறவர் யார், உதடுதான் முதலில் போகும்... இன்று காலை முதல் கூட்டத்துக்கும் அப்படியே சிரித்தார்கள், ஆனால் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்ற ஒரு வெள்ளைத்தலை மட்டும் சிரிக்கவில்லை. யாரோ பேத்தியோடு வந்திருக்கிறார், காது மந்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். என் பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் மேல் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும், அது என் கெட்ட புத்தி.

ஸ்பானியர்களிடமிருந்து சுதந்திரம் அறிவித்த நூற்றாண்டு என்று இந்த வருஷம் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் திடீரென்று சரித்திரத்தின் மேல் பாசம் பொங்குகிறது, ஒரு நாளைக்கு மூன்று பஸ், இந்த மியூசியத்தில் இருப்பதோ இரண்டு அறை, ஒரு ஸ்பானியப் பாதிரியாரின் மூத்திரச் சட்டி, ஊரின் முதல் சைக்கிள், விரிசல் விட்ட மணி, இதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கட்டிப்போட வேண்டுமென்றால் சாமானா பேசும், நான்தான் பேச வேண்டும். மூத்திரச் சட்டிக்கு ஒரு சிரிப்பு, சைக்கிளுக்கு ஒரு சிரிப்பு, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ஓலைப்பை. சந்தைக்கு எல்லோரும் எடுத்துப்போகிற பாயோங்தான், இரண்டு ஓட்டை போட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே வந்ததும் குரலை இறக்குவேன். நாற்பத்துநாலு டிசம்பர், ஜப்பான்காரன் ஊரை நாலு பக்கமும் அடைத்து ஆண்களையெல்லாம் தேவாலயத்துக்குள் ஓட்டினான், வரிசையாக நிற்க வைத்தான், நம்மவன் ஒருவனே இந்தப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து வந்தான், அவன் காட்டிய ஆள் திரும்பி வரவில்லை, அன்றைக்குப் பதினொரு பேர். பிள்ளைகள் மூச்சு விட மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து எடுத்துவிடுவேன், ஆனால் பாருங்கள், முதல் ஆளை அந்த மடையன் எப்படிக் காட்டினான் தெரியுமா, பழக்கதோஷம், பைக்குள்ளேயே உதட்டைக் குவித்துக் காட்டியிருக்கிறான், ஜப்பான்காரனுக்கு என்ன தெரியும், இவன் பேசாமல் நிற்கிறான் என்று பளாரென்று ஒரு அறை விட்டான், அப்புறம்தான் கையைத் தூக்கினான்! அங்கேதான் சிரிப்பு. சிரித்து முடித்ததும், என் அப்பாவும் அந்த வரிசையில் நின்றார், பை அவரைத் தாண்டிப் போய்விட்டது, அதனால்தான் நான் உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன் என்பேன். கை தட்டுவார்கள்.

கை தட்டிவிட்டுப் பிள்ளைகள் வெளியே மரத்தடிக்கு ரொட்டி தின்னப் போனபிறகும் வெள்ளைத்தலை போகவில்லை. கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது, உர்பானோ அண்ணன், என் ஞானத்தகப்பனின் இளைய மகன், மிண்டோரோ தீவுப் பக்கம் லாரி ஓட்டப் போனவர், இருபது வருஷமாகக் கண்ணில் படவில்லை.

"என்ன இசிங், அடையாளம் தெரியலியா, இல்ல தெரியாத மாதிரி நடிக்கிறியா?"

"அய்யோ அண்ணே! முடியெல்லாம் வெளுத்துட்டா எப்படித் தெரியும்? ஊருக்கு எப்ப வந்தீங்க, வீட்டுக்கு வர வேண்டாமா?"

"வந்து ரெண்டு மாசமாச்சு, மக வீட்டுல இருக்கேன். நல்லாத்தான் பேசுற. உன்னை இன்னும் ரேடியோக்காரன் தூக்கிட்டுப் போகலியா?"

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, உட்காருங்கள் என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. போன வாரம் அவர் பேத்தி பள்ளிக்கூடத்தோடு இங்கே வந்தாளாம், அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அரிசிப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான் செய்த மாதிரியே செய்து காட்டினாளாம், வீடே விழுந்து விழுந்து சிரித்ததாம், அவருக்கு மட்டும் சோறு இறங்கவில்லையாம். அய்யோ, இவர் அண்ணன் லினோ அந்தப் பதினொரு பேரில் ஒருவரல்லவா, முதல் பெயரே அவர்தானே, பித்தளைத் தகட்டில் நானே வாரத்துக்கு ஒரு முறை துடைக்கிற பெயர்... மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவர் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்த உதட்டு சமாச்சாரம். அது உனக்கு யாரு சொன்னது?"

"எங்கப்பாதாண்ணே. பக்கத்துல நின்னு பார்த்தவராச்சே."

"பையைப் போட்டிருந்தா உதடு எப்படிம்மா தெரியும்?"

உதடு எப்படித் தெரியும், உதடு எப்படித் தெரியும், என்ன கேள்வி இது, தெரியாமலா அப்பா சொல்லியிருப்பார், ஓட்டை பெரிதாக இருந்திருக்கும், ஓலை இற்றுப்போயிருக்கும், வெயில் பட்டு உள்ளே நிழல் தெரிந்திருக்கும்... நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன், பதினெட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற பை, இழை இழையாக இறுக்கிப் பின்னியிருக்கிறது, தண்ணீர்கூடச் சட்டென்று ஒழுகாது, கண்ணுக்கு மட்டும் விரல் நுழைகிற அளவில் இரண்டு ஓட்டை. ஊகமாக இருக்கும், அப்பா வேடிக்கையாகப் பேசுகிறவர்... இல்லையே, வேடிக்கையாகப் பேசுகிறவரா அவர், முடிவெட்டும் கடையில் நாள் முழுக்க நின்றாலும் நாலு வார்த்தை பேச மாட்டாரே, வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே வேடிக்கைக் கதை அதுதானே, அதுவும் மழை பெய்கிற நாளில், அடுப்படியில், என்னிடம் மட்டும். அவர் செத்த வீட்டில் இரண்டாம் ராத்திரி எல்லோரும் தூங்கி வழிகிறார்களே என்று நான் அந்தக் கதையை எடுத்துவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், அம்மா எழுந்து போய்க் கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். துக்கம் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

உர்பானோ அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார், குரல் உயரவேயில்லை, உயர்ந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நானும் நின்னேன் இசிங், பதினோரு வயசு. அஞ்சடி தூரம்கூட இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், பை சும்மா நின்னுச்சு, சிப்பாய் அறைஞ்சான், அப்புறம் கை எழும்புச்சு. வரிசையில உங்கப்பா இல்ல. எங்கேயாவது ஒளிஞ்சுக்கிட்டாரு, கெட்டிக்காரருன்னு அப்பவே பேசிக்கிட்டோம்." சனிக்கிழமை தவறாமல் அவருடைய அப்பா, என் ஞானத்தகப்பன், எங்கள் கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், அப்பா அவருக்கு மட்டும் புது பிளேடு போடுவார், காசு வாங்க மாட்டார், அந்தத் தொண்டையில் கத்தி போய் வருவதை நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், இருபத்தைந்து வருஷம், ஒரு கீறல் கிடையாது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நான் போய் அந்தப் பெரியவர் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்வேன், என் அப்பாவின் மகளை அவர் ஆசீர்வாதம் செய்வார். அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கழுத்தைக் கொடுத்தாரா?

"சண்டைக்கு வரல நான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார். என் தோளைத் தொட்டு ஒரு அடி பின்னால் நகர்த்தி நிறுத்தினார், சாமானை நகர்த்துகிற மாதிரி அல்ல, மரியாதையாகத்தான். "இப்ப நீ நிக்கிற இடத்துல பைக்காரன் நிக்கிறான்னு வச்சுக்க. உன் இடது கைப் பக்கம் எங்கப்பா. வலது கைப் பக்கம் லினோ அண்ணன். நடுவுல நான். காட்டுல இருந்த கெரில்லாக்காரங்களுக்கு அரிசி கொண்டுபோய்க் குடுத்தது எங்கப்பாதான், ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும். அண்ணனுக்குச் சேவல் சண்டையைத் தவிர என்ன தெரியும்? பத்தொம்பது வயசு. அப்புறம் ஏன் அவன்? எங்கப்பா சாகிற வரைக்கும் சுவத்தைப் பார்த்து இதையேதான் கேட்டாரு. உங்கப்பா எப்பவாவது, ஒரு வார்த்தை, எங்க அண்ணனைப் பத்திச் சொல்லியிருக்காரா?"

இடது பக்கம் அப்பா, வலது பக்கம் மகன். நான் என் வாயைக் கவனித்தேன், சத்தியமாக வாயைத்தான் கவனித்தேன், அது யாருடைய வாயோ மாதிரி இருந்தது, ஆயிரம் தடவை, இரண்டாயிரம் தடவை செய்திருக்கிறேனே, உதடு எந்தப் பக்கம் போகும்... இடது பக்கம். கை? கை வலது பக்கம். எப்போதும் அப்படித்தான், மாறினதே இல்லை, ஏன் மாறினதில்லை, எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது நான் அதை அப்பாவுக்கே திருப்பிச் செய்து காட்டினேன், உதடும் கையும் ஒரே பக்கம் நீட்டினேன், அப்பா என் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். "அப்படி இல்லடி. உதடு இந்தப் பக்கம். கை அந்தப் பக்கம். எங்க, மறுபடி செய்." மறுபடி செய்தேன். சரியாக வருகிறவரை செய்ய வைத்தார். வேடிக்கைக்காக என்று நினைத்தேன், உதடு ஒரு பக்கம் கை ஒரு பக்கம் போனால் கோமாளித்தனமாக இருக்கும் என்பதற்காக! ஆக, உதடு கூட்டாளியைக் காட்டியிருக்கிறது, என் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழும்போது என்னைக் கையில் ஏந்தியிருந்தவரை, யாருக்கும் புரியவில்லை, அறை விழுந்தது, அறை விழுந்து கை எழும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு நேரம், அதற்குள் மனசு மாறி, ஆனால் யாரையாவது காட்டித்தானே ஆக வேண்டும், வெறுங்கையாகத் திரும்பினால் அவரையே கொல்வான், நடுவில் சின்னப் பையன், அதனால் அதற்கு அடுத்தவன். இதை அவர் என்ன கணக்கில் வைத்திருந்தார், கூட்டாளியைக் காப்பாற்றிவிட்டேன் என்றா, அதனால்தான் சிரித்துக்கொண்டே சொன்னாரா, அல்லது சொல்லாமல் செத்தால் மூச்சு போகாது என்று என் வாயில் பத்திரமாகப் போட்டு வைத்தாரா? அப்பா, வேறு பிள்ளையே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும், ஐம்பத்துநாலு வருஷம் கழித்து இந்த மனுஷருக்கு ஒரு பதில் கிடைக்கும், என்ன பதில், உங்கள் அப்பாவுக்குப் பதிலாக உங்கள் அண்ணன், அதுவும் ஓர் அறையின் புண்ணியத்தில், உங்கள் அப்பா உயிரோடு இருந்த ஒவ்வொரு நாளும் அந்த அண்ணன் கொடுத்தது... அதை இந்த வயதில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பேத்தியோடு உட்கார்ந்து சோறு தின்ன முடியுமா? இவருக்காகத்தான் யோசிக்கிறேனா, பித்தளைத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற எனக்காகவா? வெளியே பஸ் ஹார்ன் அடித்தது, இரண்டாவது பள்ளிக்கூடம்.

"இல்லண்ணே" என்றேன். "ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்ல."

இவ்வளவு சுலபமாக வந்தது. அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "அப்ப அவருக்கு எங்கப்பா சமாச்சாரமே தெரிஞ்சிருக்காது. சும்மா கை போன பக்கம் காட்டியிருக்காரு. சரி விடு." கதவருகே போய் நின்று, எனக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை, "நானும் அண்ணனும் அன்னிக்குக் காலையில இடம் மாறி நின்னோம்மா. தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம்னு அவன் இடத்தை நான் கேட்டேன், அவன் குடுத்தான். இத்தனை வருஷமா அதனாலதான் அவன் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். கை சும்மா போச்சுன்னா, நான் நெனச்சதுதான் சரி" என்றார். அதற்குள் பிள்ளைகள் இரைச்சலோடு உள்ளே வந்துவிட்டார்கள், முன்னால் வந்த ஒரு குட்டிப் பெண், மேம், பை எங்கே, பை எங்கே என்று என் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். ஜன்னல் வழியாகத் தெரிகிறது, உர்பானோ அண்ணன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறார், நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார், மறுபடி இறங்குகிறார். அண்ணே என்று ஒரு குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில்தான் இன்னும் இருக்கிறார்.