நூல் கடித்த இடம்

"அணில் மரத்தின் மேல்" என்று படித்துவிட்டு மகள் நிறுத்தினாள். அங்கே கமாவும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. நிறுத்தியவள் பல்லோடு பல்லை ஒரு நொடி வைத்து எடுத்தாள். பிறகு "விறுவிறுவென்று ஏறியது" என்று ஓட்டமாய் ஓடினாள். தையல்காரியின் கையிலிருந்த சட்டைக் காலர் அப்படியே நின்றது. முந்தின நாள் மெஷினில் உட்கார்ந்தபடி இதே பாடத்தை மகளுக்குப் படித்துக் காட்டியபோது, சரியாக அந்த இடத்தில்தான் அவள் நூலைக் கடித்து அறுத்திருந்தாள்.

காலரைக் கீழே வைத்துவிட்டுப் பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினாள். "இது என்ன?"

மகளின் உருண்டை முகத்துக்காக அப்பா வைத்த பேர் பட்டாணி. பட்டாணி பாடத்தின் தலையிலிருந்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடத்தை விரலால் எண்ணிக்கொண்டே வந்து, அந்தச் சொல்லை எட்டியதும் சத்தமாகச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். தையல்காரி தான் இன்னும் படித்துக் காட்டாத ஒரு பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். பட்டாணி தாளைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

"நீ ஒரு தடவ சொல்லும்மா. அப்புறம் நான் படிக்கிறேன்."

"எழுத்து தெரியலையாடி?"

"தனித்தனியா இருந்தா கொஞ்சம் தெரியும். சேந்து நின்னா எல்லாம் ஒரே கூட்டமா ஆயிடுது."

யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கைக்கு வேலை, வாய்க்குப் பாடம் என்று அந்த முன்னறையில் இரண்டு வருஷமாக நடந்து வந்ததுதான். காதில் விழுந்தது எதுவும் பட்டாணியிடமிருந்து தப்பாது. பக்கத்து வீட்டுக்காரர் போனில் போட்ட சண்டையை அதே ஏற்ற இறக்கத்தோடு நடித்துக் காட்டுவாள். அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவள்தான் தையல்காரி. அந்தக் காதேதான் பாடத்தையும் தூக்கி வந்திருக்கிறது என்பது இன்றுவரை அவள் புத்தியில் உறைக்கவில்லை. சாயங்காலம் ஆனால், தூரத்தில் வேலை பார்க்கும் துறைமுகத்திலிருந்து கணவன் போன் செய்வான். கிரேன் ஓட்டுகிறவன், வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீடு. சின்ன வயதில் மக்கு என்று பேர் வாங்கிப் பள்ளிக்கூடத்தை விட்டவன், மகள் படிப்பதைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிடுவான்.

மகளுக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட முடிவு செய்துகொண்டு மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வழியெல்லாம் வாசகத்தைக் கோத்துக்கொண்டே போனாள். டீச்சர் அவளை வாய் திறக்க விடவில்லை.

"வாங்க வாங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். விழாவுல மேடையேறி வாசிக்க உங்க பொண்ணத்தான் போட்டிருக்கேன். என்ன தெளிவு! எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்துறா!" பிறகு, குரலைக் கூடத் தாழ்த்தாமல் கடைசி வரிசையைக் கையால் காட்டினாள். "அதுங்களும் இருக்குதே. எழுத்துக் கூட்டக்கூட வராது. தண்டங்க. அதுங்கள அங்க உக்கார வெச்சதோட சரி."

கடைசி வரிசையில் ஒரு பையன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. தையல்காரி அந்த இடத்தையே பார்த்தாள். வழியெல்லாம் கோத்தது எங்கே அறுந்ததென்று தெரியவில்லை. "சரிங்க டீச்சர்" என்றாள்.

வாசலில் பட்டாணி காத்திருந்தாள். "சொல்லிட்டியாம்மா?"

"இல்ல. இன்னொரு நாளைக்குச் சொல்லிக்கலாம்."

பட்டாணி அம்மாவின் கையை விட்டுவிட்டுச் சுவரோரமாக நடந்தாள். குழந்தைக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றல்லவா நினைத்தோம் என்று தையல்காரிக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் யார் மேல் என்பதுதான் புரியவில்லை.

அன்று மத்தியானம், ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் கணவன் கொடுத்தனுப்பிய கதைப் புத்தகம் வந்து சேர்ந்தது. சாயங்காலம் அதைத்தான் படித்துக் காட்ட வேண்டுமாம். சீருடை வாங்க வந்தவர்கள் ஒருவர் போனால் ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தபடி முதல் பக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுக்க முடிந்தது. சொல்லும்போது நூலைப் பல்லால் தொடாமல், மறக்காமல் கத்தரியை எடுத்தாள். தன் கள்ளத்தனம் அவளுக்கே வாயில் கசந்தது.

நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்த போனில் கணவனின் முகம் வந்தது. "டேய், சத்தம் போடாதீங்கடா, என் பொண்ணு படிக்கப் போறா" என்று கூடத் தங்கியிருந்த அறைக்காரர்களை அதட்டினான். பட்டாணி முதல் பக்கத்தைப் படித்தாள். தட்டில் பாதியில் கை நிற்க, அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"அச்சு அசல் உங்கம்மாவேதான்! கண்ண மூடிக்கிட்டா அவளே பக்கத்துல உக்காந்து படிக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தான். "நம்ம பரம்பரையிலயே படிக்கிற மொத ஆளு நீதான் கண்ணு. ம், அடுத்த பக்கம்."

"போதுங்க, அவளுக்குத் தூக்கம் வருது" என்றாள் தையல்காரி.

"விளக்கு வெக்கிற நேரத்துல என்ன தூக்கம்? நீ திருப்பு பட்டாணி."

பட்டாணி திருப்பினாள். விரல் முதல் வரியில் போய் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

"என்ன, லைன் கட்டாயிடுச்சா?"

போன் நேரத்தில் மெஷினைத் தொடக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். தையல்காரியின் கால் தானாக மிதியை அழுத்தியது. சக்கரம் சுற்ற, அறை முழுக்க மெஷின் சத்தம் நிறைந்தது. ஊசிக்கு அடியில் துணி இல்லை. "ஏய், என்ன அது, நிறுத்து" என்று அவன் கத்துவது வாயசைவில் தெரிந்தது, கேட்கவில்லை. அவள் இன்னும் வேகமாக மிதித்தாள். தைக்க ஒன்றும் இல்லாமல் ஊசி ஏறி இறங்கியது, அடியில் நூல் சிக்கிச் சிக்கி முடிச்சாகத் திரண்டது.

பட்டாணி புத்தகத்தை மூடி மேஜை மேல் வைத்தாள். கையை நீட்டி, சுற்றுகிற சக்கரத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். சக்கரம் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றது. அறை அமைதியானது. கையை எடுக்காமலே அவள் போனின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அப்பா" என்றாள், அம்மாவின் குரலில் இல்லாமல், தன் சொந்தக் குரலிலேயே.