ஒரு நாள் பிந்திய பிறை

அண்ணன் கடை வாசலில் வந்து நின்றபோது துணிக்கடைக்காரர் பின்கட்டில் போர்வைக் கட்டுகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் அண்ணன் தலை தெரிந்ததுமே கல்லாவை விட்டு எழுந்து ஓடியவர்தான். ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாமூச்சி ஆடுவது முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கம், பகையாளி என்று ஒருவர் விடாமல் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். அண்ணனும் ஒரு வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். தம்பியைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"அவன் இல்லையாம்மா?"

"வெளிய போயிருக்காருங்க" என்றாள் விற்பனைப் பெண், சொல்லிக்கொடுத்தபடியே. "எப்ப வருவாருன்னு தெரியல."

"சரிம்மா. நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிடு. நாளன்னைக்குப் புறப்படுறேன்."

எட்டு வருடத்துக்கு முன் பெற்ற வாப்பா இறந்த அன்று இவர் சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தார். வந்துகொண்டே இருக்கிறேன், ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று போனில் கெஞ்சியும் அண்ணன் வெயிலைக் காரணம் காட்டி அடக்கம் செய்துவிட்டார். இவர் போய்ச் சேர்ந்தபோது மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அப்பேர்ப்பட்ட மன்னிப்பைக் கேட்ட மாத்திரத்தில் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? துணி வாங்க வந்தவர் விலை படியாமல் விறுவிறுவென்று படியிறங்குவதே கடைக்காரர் திரும்பக் கூப்பிடத்தான். அதுபோல நாமும் கொஞ்சம் நழுவினால் அண்ணன் இன்னொரு நடை வருவார், குரல் இறங்கும், கண் கலங்கும், அப்போது படியவைத்துக்கொள்ளலாம். முப்பது வருடம் துணி விற்ற மூளை அப்படித்தான் யோசித்தது. அண்ணன் வரவில்லை. விமானம் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாம் சொன்னார்: அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவன் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். இவருக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. அவ்வளவு பெரிய பயணம் போனவரின் குடுமி நம் கையில் அல்லவா இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து, மனைவி இறந்த பிறகு வாங்கிய சின்னக் குக்கரில் ஒரு பிடி அரிசி வைத்துவிட்டு, விசில் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த நிமிர்வு எங்கோ போய்விட்டது. மகள் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வாரம் ஒருமுறை பேசுவாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அதிகம் பேசுவது குக்கர்தான்.

மேகம் மூடியதால் பிறை தெரியவில்லை, ஹஜ் மாதம் மறுநாளிலிருந்துதான் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். அதிலிருந்து விரல் விட்டு எண்ணி, காலண்டரில் ஒன்பதாம் நாளைச் சுழித்து வைத்தார். அன்று பகலில் அத்தனை ஹாஜிகளும் அரஃபா மைதானத்தில் கையேந்தி நிற்பார்கள். அந்த நேரத்தில் கூப்பிட்டு, மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை. அதற்கு முன்னால் கூப்பிட்டால் வலியப் போய் விலையைக் குறைத்ததாகிவிடும். டிவியில் ஹஜ்ஜை நேரடியாகக் காட்டுவார்கள், அதையும் போடவில்லை. லட்சம் பேருக்கு நடுவில் அண்ணன் முகம் தெரிந்து தொலைத்தால், அதற்கு முன்பே மனம் இளகிவிடும் என்று பயம்.

ஒன்பதாம் நாள் நோன்பு வைத்தார். மறுநாள் பெருநாள் என்பதால் கடையில் கூட்டம் நெரிந்தது. அஸர் தொழுததும் பின்கட்டுக்குப் போய்ப் போனை எடுத்தார். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார் அண்ணன்.

"யாரு, நீயா?"

"நான்தான் அண்ணே. துஆவுல கையேந்திட்டு இருந்தீங்களா?"

"இல்லடா, மொட்டை போட வரிசையில நிக்கிறேன். இங்க இன்னைக்குப் பெருநாளு. குர்பானி கொடுத்தாச்சு."

"அப்ப அரஃபா?"

"நேத்தே முடிஞ்சு போச்சே. இங்க ஒரு நாள் முன்னாடியே பிறை பார்த்துட்டாங்க."

பிறை ஊருக்கு ஊர் மாறும் என்பது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவருக்கும் தெரியும். தன் வீட்டுக் காலண்டரை வைத்தே அண்ணன் அங்கே கையேந்துவார் என்று எப்படி நம்பினோம் என்பதுதான் தெரியவில்லை. போர்வைக் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் கடைக்குள்ளதான இருந்த?" என்றார் அண்ணன்.

"ஆமா."

"உன் செருப்பு வாசல்லயே கிடந்துச்சுடா, கிறுக்கா." சிரிப்பு பாதியில் நின்றது. "நேத்து அந்த வெயில்ல நின்னு யார்யாருக்கோ கேட்டேன். உன் விஷயம் வந்தப்ப மட்டும் வாய் வரல. உன்கிட்ட கேக்காம அல்லாஹ்கிட்ட எந்த மூஞ்சியோட கேக்குறது?"

"அண்ணே, நான்…"

"இருடா, என்னைக் கூப்பிடுறாங்க. வெச்சுடாத."

போனை மடியில் போட்டுக்கொண்ட சத்தம். பிறகு ஆயிரக்கணக்கான கால்கள் தரையில் தேயும் ஓசை, புரியாத மொழியில் ஒருவரின் அதட்டல், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. விற்பனைப் பெண் எட்டிப் பார்த்து, இரட்டைப் போர்வைக்குக் கடைசி விலை கேட்கிறார்கள் என்றாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். சூடேறிய போனைக் காதோடு இன்னும் அழுத்தினார். அங்கே அண்ணனின் தலையில் சவரக்கத்தி இறங்கும் சரசரப்பு, நின்று நின்று, கேட்டுக்கொண்டிருந்தது.