அரை விரல் தள்ளி நின்ற முள்

லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு ஒரு மணி இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பதினேழு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். அப்படிப்பட்ட நான்தான் அண்ணி வீட்டு ரேடியோவைப் பார்த்துச் சிரித்தேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

அண்ணி அந்த ரேடியோவைப் பாட்டுக் கேட்க வாங்கவில்லை. அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையும் தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒரு சத்தமும்தான் மிச்சம். வீடோ தரைத்தளம், பின்னால் ஆற்றுக் கால்வாய். வெள்ளம் வந்தால் அவரைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். வட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டு, முதலில் கரண்டும் போனும்தான் போகும், பேட்டரி ரேடியோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளூர் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்போம், அதுவரை மழையில் யாரும் அலையாதீர்கள் என்று சொன்னார்கள். கூட்டத்துக்குப் போன முக்கால்வாசிப் பேர் டீயைக் குடித்துவிட்டு மறந்தார்கள். அண்ணி மறக்கவில்லை. ரேடியோ வாங்கினாள். முள்ளை உள்ளூர் நிலையத்தில் நிறுத்தி, திருகு நகராமலிருக்க அண்ணனுடைய மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து, ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் போட்டுப் பார்ப்பாள்.

"என்ன அண்ணி, ரேடியோவுக்கும் அடிபட்டுடுச்சா? கட்டுப் போட்டு வச்சிருக்கீங்க" என்றேன். அண்ணன் கூடக் கோணல் வாயால் சிரித்தார்.

"சிரி, சிரி. தண்ணி வந்தா உங்க அண்ணன நீயா வந்து தூக்கப்போற?"

"வராம எங்க போவேன்?" என்றேன். வாய்க்கொழுப்பு.

அந்த மாதம் இரண்டாவது வாரம், அண்ணி மருந்து வாங்கப் போக, நான் அண்ணனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு கிரிக்கெட் இறுதி ஆட்டம். என் போனில் சார்ஜ் செத்துவிட்டது. அலமாரியில் ரேடியோ சும்மா இருந்தது. பிளாஸ்திரியை நகத்தால் உரித்தேன். அண்ணன் இடது கையை உயர்த்தி "ம்ம், ம்ம்" என்றார்.

"அட, சும்மா இருங்கண்ணே. பெரிய கஜானா சாவி பாருங்க. கேட்டுட்டு அப்படியே வச்சிடுறேன்."

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் வாசல் கேட் சத்தம் கேட்டது. குழந்தை திருடித் தின்று வாயைத் துடைப்பதுபோல அவசர அவசரமாகத் திருகைத் திருப்பி, சத்தத்தை அணைத்து, பிளாஸ்திரியை அழுத்தினேன். முள் பழைய இடத்திலிருந்து அரை விரல் தள்ளி நின்றது. எனக்குத் தெரியும். அப்புறம் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

இருபத்து மூன்றாம் தேதி மழை. நான் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டுகளை மேலே ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தேன். குழிக்குள் தண்ணீர் புகுந்தால் அடிப்பகுதி நாசமாகிவிடும். காவலாளியின் ரேடியோவில் பத்து மணிக்கு அறிவிப்பு வந்தது. கால்வாய்க்கரைத் தெருக்கள் பன்னிரண்டுக்குள் காலி செய்ய வேண்டும். நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீட்டில் வாசலில் சிவப்புத் துணி கட்டினால் வேன் நின்று தூக்கிப்போகும். அண்ணியின் போனுக்கு அடித்தேன். இணைப்பு இல்லை. போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. அண்ணியிடம்தான் ரேடியோ இருக்கிறதே, இந்நேரம் சிவப்புத் துணி தொங்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் இரண்டு லிஃப்ட் பாக்கி. அரை விரல் விஷயம் அந்த நிமிடம் நினைவுக்கே வரவில்லை. இதை யாரும் நம்பவேண்டாம். எனக்கே நம்ப முடியவில்லை.

வேன் அண்ணன் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. துணி இல்லை, அதனால் நிற்கவில்லை. அவர்களை வேன் கூட்டிப்போயிருக்கும் என்று தெருக்காரர்கள் நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு மணிக்குத் தண்ணீர் கட்டில் உயரம் வந்துவிட்டது. அண்ணனுடைய தலையை மடியில் தூக்கிப் பிடித்தபடி அண்ணி ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறாள். தையல் மிஷினின் தலையை எடுக்கத் திரும்பி வந்த எதிர்வீட்டுத் தையல்காரர் காதில் விழுந்தது. ஆள் கூட்டி வந்து, ஒரு கதவைக் கழற்றி, அதில் வைத்துத் தூக்கினார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணனுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கொதித்தது. முகத்தில் காற்றுக் குழாய். நாளைக் காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் நர்ஸ். அண்ணியின் சேலை முழங்கால் வரை சேறு.

"நான்தான்டா கெடுத்தேன்" என்றாள் என்னைப் பார்த்ததும். "அலமாரி தொடைக்கும்போது என் கை பட்டிருக்கும். வேற ஏதோ ஊர் நிலையம். காலையிலேர்ந்து ஒரே பாட்டு. பாட்டுப் பாடுதே, அப்ப ஒண்ணும் இல்லன்னு உக்காந்திருந்தேன். தையல்காரர் சொல்லித்தான் தெரியும், பத்து மணியிலேர்ந்து அறிவிப்பு ஓடுதுன்னு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இவரு வேற, விடிஞ்சதுலேர்ந்து ரேடியோவ காட்டிக் காட்டிக் கத்தினாரு. பாட்டு கேக்கலைன்னு சொல்றாராக்கும்னு சத்தத்தக் கூட்டி வச்சேன். இன்னும் கத்தினாரு. கரண்ட் இல்ல, மழை, எனக்கு எரிச்சல். 'வாய மூடிக்கிட்டுக் கிடங்க'ன்னுட்டேன். இத்தனை வருஷத்துல அவர அப்படிச் சொன்னதே இல்ல."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் மாட்டிக்கொண்ட போதெல்லாம் பார்ப்பாரே, அந்தப் பார்வை. இவனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்ற பார்வை.

"அண்ணி, உங்க கை படல. ஆட்டம் கேக்க நான்தான் பிளாஸ்திரியைப் பிரிச்சேன். நீங்க வந்துட்டீங்கன்னு பதறி எங்கேயோ வச்சு ஒட்டினேன். சரியா நிக்கலைன்னு அப்பவே தெரியும். அண்ணன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. அண்ணன் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள்.

"இதத்தான் சொன்னீங்களா? காலையிலேர்ந்து இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தீங்களா?"

அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். இடது கை மெதுவாக வந்து அவள் விரலைப் பிடித்தது.

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்தினாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"உன்ன அவரு மன்னிச்சிடுவாருடா, கூடப் பொறந்தவரு. என்னையும் மன்னிச்சிடுவாரு. ஆனா முள்ளு தப்பா நிக்குதுன்னு சொன்ன மனுஷன வாய மூடுன்னு சொல்லிட்டேனே, அத நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?"