குங்குமத் தட்டு தாண்டிப்போன வீடுகள்

இந்தக் காலத்தில் வாங்கிய வெற்றிலைக்குக்கூட மரியாதை கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே நாகையா சங்கத்துப் பெஞ்சில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். முன்பெல்லாம் ஒருவன் கையால் தாம்பூலம் வாங்கினால், வாங்கியவன் அவன் பக்கம்தான். இப்போது பல்லைக் காட்டி வாங்கிக்கொள்கிறார்கள். மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது பெற்றவளுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஓட்டுக் கேட்டு நீட்டிய தட்டிலிருந்து குங்குமம் எடுத்துக்கொண்ட லெட்சுமி, இன்று காலை தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, அது என்ன?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலியாட்கள், செத்தால் எடுத்துப்போட ஒரு வழி வேண்டும் என்று ஏற்படுத்திய சங்கம் அது. இன்று தலைவர் தேர்தல். ஒரு பக்கம் ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி கார்த்திகேசுவின் ஒற்றுமைக் கட்சி. மறுபக்கம் ரயில் பட்டறையில் வேலை செய்யும் இராமலிங்கம்.

நாகையா கிராணியின் ஆள். எல்லாம் சங்கத்துப் பின்னறைக்காகத்தான். தண்டவாளம் தூக்கி முதுகு வளைந்துபோன பிறகு, பெண்டு பிள்ளை இல்லாத அவருக்குப் பாய் விரிக்க அந்த அறை ஒன்றுதான் மிச்சம். இராமலிங்கம் ஜெயித்தால் அதைப் பொம்பளைகளுக்குக் கொடுத்துவிடுவானாம். துரை வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஓர் இடமாம். “நீர் எங்கயும் போக வேண்டாம், நான் இருக்கிறன்” என்று கிராணி சொல்லியிருந்தார். நாகையா அதையும் முழுசாக நம்பிவிடவில்லை. ஆனால் வேறு எவனும் அவ்வளவுகூடச் சொல்லவில்லை.

புருஷன் செத்த பிறகும் சந்தா கட்டி வருகிற பெண்ணுக்கு ஓட்டு உண்டு என்பது சங்கத்தின் பழைய விதி. அவன் உயிரோடு இருந்தாலும் மனைவி தன் பெயரில் சந்தா கட்டலாம் என்று போன வருஷம் சேர்த்திருந்தார்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமை கிராணி வீடு வீடாகத் தாம்பூலத் தட்டு எடுத்தார். குங்குமம், கோயில் திருநீறு, வெற்றிலை பாக்கு. முறை தெரிந்தவர் என்று நாகையாவையும் கூட அழைத்துப்போனார்.

தங்கமணி வீட்டு வாசலில் கிராணி தயங்கி நின்றார். “இந்த வீடு?”

“தாலி அறுத்த வீடுங்க ஐயா. குங்குமத்தக் கொண்டு நீட்டுனா அவ மூஞ்சில அறைஞ்ச மாதிரி ஆயிடும். தாண்டுங்க.”

அடுத்த வீடு தங்கமணியின் தங்கை லெட்சுமியுடையது. அங்கே தட்டை நீட்டினார்கள். கத்தோலிக்கர்கள் குடியிருந்த வரிசைக்கு வந்ததும் கிராணி மறுபடி நின்றார்.

“துன்னூறு இருக்கிற தட்டு,” என்றார் நாகையா. “வேதக்காரங்க எப்படித் தொடுவாங்க? சங்கடப்படுத்தக் கூடாதுங்க.”

“ஓம், அதுவும் சரிதான்,” என்று கிராணி திரும்பிவிட்டார். எவர் மனமும் கோணாமல் காரியம் முடிந்தது என்று நாகையாவுக்கு அன்று வயிறு நிறைந்திருந்தது.

கூட்டம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் இந்தச் சங்கத்தில் ஓட்டு என்றால் இடம் மாறி நிற்பதுதான். கிராணிக்குச் சன்னல் ஓரம், இராமலிங்கத்துக்குச் சுவர் ஓரம். ஆண்கள் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள். சன்னல் ஓரம் கொஞ்சம் அதிகம். கிராணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அப்போது வாசல் இருண்டது.

பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வெள்ளைச் சேலையில் தங்கமணி. அவள் பக்கத்தில், மாதா கோயிலில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் சாந்தமேரி. பின்னால் லயமே திரண்டிருந்தது. நாகையா எழுந்துபோய்க் குறுக்கே நின்றார்.

“தங்கமணி, ஒம் புருசன் கேங்குல எம் பக்கத்துல நின்னு தண்டவாளம் தூக்கினவன். அவன நெனச்சு இந்தப் பக்கம் வாம்மா.”

“அவரு போனதுக்கப்புறம் என் வாசல்ல ஒரு நாளு வந்து நின்னிருக்கீங்களா அண்ணே? வெள்ளிக்கெழமதான் நின்னீங்க. அப்புறம் தாண்டிட்டீங்க.”

“ஒன் நல்லதுக்குத்தான்! குங்குமத்த எப்படி நீட்டுறது?”

“எங்க வீட்டையும் தாண்டுனீங்களே,” என்றாள் சாந்தமேரி. “நாங்க செத்தா மட்டும் இந்தச் சங்கம் தூக்காதா? சந்தா வாங்க வர்றப்ப வாசல் தெரியுதுல்ல?”

“துன்னூறுத் தட்டும்மா அது! நீ தொடுவியா?”

“தட்ட வீட்டுல வச்சிட்டு வந்திருக்கலாமே. கேட்டா வாயிருக்கு, சொல்லியிருப்போம்.”

யாரோ சிரித்தார்கள். பெண்கள் நாகையாவைச் சுற்றிக்கொண்டு சுவர் ஓரம் போனார்கள். குங்குமம் வாங்கியவர்களும் போனார்கள். லெட்சுமி மட்டும் ஒரு கணம் நின்றாள்.

“எங்கக்கா வீட்டத் தாண்டி வந்த குங்குமம் அண்ணே. நெத்தியில வைக்கல. செவுத்துல தடவிட்டேன்.”

அதற்குமேல் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சன்னல் ஓரத்து ஆண்கள் சிலர், மனைவியின் கண்ணைப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்தார்கள். கிராணி குடையை எடுத்தார். “நாகையா, பிறகு கதைப்பம்,” என்று அவர் முகத்தைப் பாராமலே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நாகையா பின்னறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டினார். தங்கமணி கதவடியில் வந்து நின்றாள்.

“பாய எதுக்குச் சுத்துறீங்க? பிள்ளைங்க பகல்லதான் இருக்கும். ராவுல நீங்க படுங்க. இராமலிங்கமும் சரின்னுட்டாரு.”

“ஜெயிச்ச வாயி. இன்னிக்கு இனிக்கும்.”

“நம்பாட்டிப் போங்க. பாய் இருந்த எடம் அப்படியேதான் இருக்கும்.”

அவர் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு சங்கத்து வாசலைத் தாண்டி ரோட்டுச் சடக்கில் இறங்கினார். எங்கே போவது என்று தெரியவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கால் போனது. தட்டு கொண்டுபோனால் குற்றம், தாண்டினால் குற்றம். வெறுங்கையை வீசிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பதாம், பொம்பளையிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதாம். அது என்ன மரியாதை? சடக்கோரம் காறித் துப்பிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.